கடைசிப் பந்தி

நாம் தியாகம் என்று போற்றும் குணங்கள் சிலவற்றை அவ்வப்போது உரைத்துப் பார்ப்பது நல்லது. எல்லோரும் உண்டு எழுந்த பிறகு மிஞ்சியதை உண்டு, மிஞ்சாவிட்டால் மோரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் பெண்ணை உத்தமி என்கிறோம். அவள் செய்வது தியாகந்தானா என்று கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது. கேட்டுவிட்டால், முதல் பந்தியில் உட்கார்ந்த நம்மைப் பற்றியும் கேட்க வேண்டி வருமே!

ஏகாதசியன்று உபவாசம் இருப்பவள் தானே தீர்மானித்து இருக்கிறாள். மறுநாள் பாரணை உண்டு. அது விரதம். தினந்தோறும், முடிவே இல்லாமல், யாரும் கவனியாமல் அரை வயிற்றோடு எழுந்திருப்பது விரதம் ஆகாது. அது வெறும் வழக்கம். அந்த வழக்கத்துக்குத் தியாகம் என்று பட்டுப் புடைவை உடுத்திவிட்டோம். உள்ளே எலும்பு துருத்துவது வெளியே தெரிவதில்லை.

உடம்பு அந்தப் பட்டில் மயங்குவதில்லை. அது கணக்குக் கேட்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவுப்படி, உட்கார்ந்தே வேலை செய்யும் பெண்ணுக்கு நாளைக்கு 1660 கலோரி வேண்டும். நடந்தும் நின்றும் ஓரளவு உழைப்பவளுக்கு 2130. விடியுமுன் சமைத்து வைத்துவிட்டு, ஜவுளிக் கடையில் நாள் முழுதும் நின்று, திரும்பி வந்து மறுபடி அடுப்பைப் பற்ற வைப்பவள் அந்த இடைவெளியை எங்கிருந்து நிரப்புவாள்? வரவு குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவதுபோல உடம்பும் சுருக்குகிறது. முதலில் சுறுசுறுப்புப் போகும், மாதவிலக்குத் தவறும், எலும்பு நலியும். ஓட்டப் பந்தய வீராங்கனைகளிடம் மருத்துவர்கள் கண்ட உண்மை இது. உழைப்புக்கேற்ற உணவு இல்லாத எந்தப் பெண்ணுக்கும் இது நேரலாம்.

இரும்புச் சத்தின் கதை இன்னும் விசித்திரம். மாதந்தோறும் உதிரம் இழப்பதால் ஆணுக்கு 19 மில்லிகிராம் என்றால் பெண்ணுக்கு 29 தேவை. ஆனால் கீரையும் முட்டையும் மீனும் யார் தட்டில் முதலில் விழுகின்றன? 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்த சோகை. ஆண்களில் 25 பேருக்கு. நம் தமிழ்நாட்டுப் பெண்களிலும் பாதிக்கு மேல். அவர்கள் மூச்சு வாங்கினால் வயதாகிவிட்டது என்கிறோம்; சோர்ந்தால் சோம்பல் என்கிறோம்; சிடுசிடுத்தால் குணத்தைக் குறை சொல்கிறோம்.

“அன்பினால்தானே கொடுக்கிறாள், அதற்குமா கணக்கு?” என்று கேட்கலாம். அன்பை நான் மறுக்கவில்லை. ஆனால் தாய் அரை வயிறு உண்பதை மகள் பார்த்துக்கொண்டே வளர்கிறாள். பெண்ணாக இருப்பதென்றால் இப்படித்தான் போலும் என்று, யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறாள். அந்தச் சொத்தையுமா அன்பு எழுதி வைக்க வேண்டும்?

மணிமேகலை தன் அமுதசுரபியிலிருந்து அள்ளி, யானைத்தீ என்னும் பெரும்பசியால் வாடிய காயசண்டிகையின் பசியைத் தீர்த்ததாகச் சாத்தனார் சொல்கிறார். ஒரு பெண்ணின் பசியைத் தீர்ப்பதை அறமாகப் பாடிய நாடு இது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று கண்டு, காமராஜர் காலத்தில் பள்ளியில் மதிய உணவு போட்டோம். 2022 முதல் காலை உணவும் போடுகிறோம். அங்கே பசியை யாரும் பிள்ளையின் பெருந்தன்மை என்று புகழவில்லை. தீர்க்க வேண்டிய குறை என்றே கொண்டோம். அந்த நியாயம் பிள்ளையைப் பெற்றவளுக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

உழைப்பவள் வயிறார உண்பது பேராசை அல்ல. உழைப்புக்கு அவள் செலுத்தும் நேர்மையான முதல். இதில் அவள் கடமை பாதிதான். மறு சோறு கேட்கும் முன் பானைக்குள் எட்டிப் பார்ப்பது மற்றவர்களின் கடமை. எல்லோரும் சேர்ந்து ஒரே பந்தியில் உட்கார்ந்தால், எட்டிப் பார்க்கும் வேலைகூட மிச்சம்.