நட்டம் யார் கணக்கில்?

திருப்பூரில் பத்துத் தையல் மெஷினோடு 'பவர் டேபிள்' என்ற கூலித் தையல் கூடம் போட்டிருப்பவர் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் முதலில் எடுத்து வைக்கச் சொல்வது மூலப்பத்திரத்தை. அடுத்து முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, வக்கீலின் லீகல் ஒப்பீனியன், மதிப்பீட்டாளர் அறிக்கை. ஐ.டி. ரிட்டன், ஜி.எஸ்.டி. கணக்கு, சிபில் ஸ்கோர் எல்லாம் கேட்பார்கள்தான். ஆனாலும் ஃபைலின் கனம் சொத்துப் பத்திரத்தில்தான் இருக்கும். ஓவர்லாக்கில் உட்காரும் பெண் ஒரு ஷிப்டில் எத்தனை பீஸ் முடிக்கிறார், போன சீசனில் எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆகித் திரும்பியது, பார்ட்டி சொன்ன தேதிக்குச் சரக்கு போய்ச் சேர்ந்ததா என்பதையெல்லாம் எழுத விண்ணப்பத்தில் கட்டமே கிடையாது. தாத்தா வாங்கிப் போட்ட மூன்று சென்ட் மனை அங்கே பேசும். பேரனின் பதினைந்து வருட உழைப்பு வாயைத் திறக்காது.

இதை வங்கி நடைமுறை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் இதற்குள் ஒரு பழைய அறக்கேள்வி உட்கார்ந்திருக்கிறது. கடன் கொடுத்தவர் வாங்கியவரின் லாபத்தில் வட்டியாகப் பங்கு எடுத்துக்கொள்கிறார். நட்டம் வந்தால் அதில் அவருக்குப் பங்கு உண்டா?

வட்டி பாவமா என்பதுதான் மதங்களின் பெரிய வழக்கு என்று பொதுவாக நினைக்கிறோம். நூல்களைப் புரட்டினால் இந்த இரண்டாவது கேள்விதான் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் இரண்டு விதமான விடைகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அடமானம் வைத்தால் மாத வட்டி எண்பதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு ஒன்றேகால். அடமானம் இல்லையென்றால் வருண வரிசைப்படி நூற்றுக்கு 2, 3, 4, 5. பிராமணருக்குக் குறைவு, சூத்திரருக்கு அதிகம். அதோடு நிற்கவில்லை. காட்டு வழியே போகும் வணிகருக்கு நூற்றுக்கு 10, கடல் கடப்பவருக்கு 20 என்றும் அதே நூல் விதிக்கிறது. காட்டில் கள்வர் பயம், கடலில் கப்பல் மூழ்கும் பயம். பிந்தைய கணக்கு தொழிலின் ஆபத்தைப் பார்க்கிறது. முந்தையது பிறப்பைப் பார்க்கிறது.

இன்றைய வங்கி முதல் விதியான அடமானத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மூன்றாவதான ஆபத்துக் கணக்கைத்தான் தன் கொள்கை என்று சொல்கிறது. இரண்டாவதான வருண வரிசையைச் சட்டம் எப்போதோ ஒழித்துவிட்டது. ஆனால் அடமானம் வைக்கச் சொத்து யாரிடம் இருக்கிறது? பெரும்பாலும் அப்பன் பாட்டன் வழியில் நிலம் வந்தவரிடம். வாசல் வழியே வெளியேற்றிய பிறப்பு, பத்திரக் கட்டோடு ஜன்னல் வழியே உள்ளே வந்துவிடுகிறது.

இது வெறும் குத்தல் பேச்சில்லை. பின்னாளில், 2019இல், நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் திருப்பூர் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூரில் நிலமும் உறவு வலையும் பணமும் கொண்ட கவுண்டர் சமூகத்து முதலாளிகள் மிகக் கூடுதலான மூலதனத்தோடு தொழிலில் இறங்கினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு தொடங்கினாலும் வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் உற்பத்தியில் அவர்களை முந்தினார்கள். பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, தெரிந்த வீட்டுக்குப் போனது என்பதுதான் அதன் சாரம். உள்ளூர்க்காரர் திறமை இல்லாதவர் என்று இதற்குப் பொருளில்லை. உழுத மண்ணை விட்டு வந்து பனியன் கம்பெனியில் கூலிக்கு நின்று முதலாளி ஆனவர்கள் அவர்களிலும் நிறையப் பேர். கையில் வேலை மட்டும் இருந்தவருக்குப் பணம் கிடைக்கவில்லை என்பதே இங்கே விஷயம்.

மேற்கில், நட்டத்தில் பங்கு யாருக்கு என்ற அந்தக் கேள்வியைத் துல்லியமாகப் பிடித்தவர் 13ஆம் நூற்றாண்டுத் துறவி தாமஸ் அக்குவினாஸ். கடனுக்கு வட்டி கூடாது என்று கறாராகச் சொன்னவர் அவர். அவரே ஒரு வணிகரிடமோ கைவினைஞரிடமோ கூட்டாளியாகப் பணம் ஒப்படைத்தவர் லாபத்தில் பங்கு கேட்கலாம் என்றார். காரணம், அந்தப் பணம் இன்னும் கொடுத்தவருடையது. போனால் அவருக்குத்தான் போகும். நட்டத்தை ஏற்பவருக்கே லாபம் கேட்கும் உரிமை.

இஸ்லாமிய மரபின் முதாரபா இதையே ஒப்பந்தமாக்கியது. ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பார், லாபத்தைப் பேசியபடி பிரிப்பார்கள். நட்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும். உழைத்தவர் அலட்சியமோ மோசடியோ செய்திருந்தால் ஒழிய அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. நபிகள் நாயகமே கதீஜா நாயகியின் முதலில் சிரியாவுக்கு வணிகம் போனதாக மரபு சொல்கிறது. யூத மரபில் 'ஹெத்தெர் இஸ்கா' என்ற பத்திரம் கடனையே கூட்டு முதலீடாக மாற்றி எழுதுகிறது. இஸ்ரேலிய வங்கிகளில் இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன? 1963இல் எகிப்தில், நைல் கழிமுகத்து ஊரான மித் கம்ரில், ஜெர்மனியில் படித்துத் திரும்பிய அஹ்மத் அல் நஜ்ஜார் வட்டியில்லாச் சேமிப்பு வங்கி ஒன்றைத் தொடங்கினார். உள்ளூர்ச் சிறு தொழில்களுக்குப் பணம் கொடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. பிற்கால இஸ்லாமிய வங்கிகளுக்கு அதுவே முன்னோடி. ஆனால் பிறகு பெரிதாக வளர்ந்த அந்த வங்கிகள் முதாரபாவை ஓரமாக வைத்துவிட்டு முராபஹாவைப் பிடித்துக்கொண்டன. பொருளை வங்கி வாங்கி, லாபம் சேர்த்து, தவணைக்கு விற்பது அது. லாபம் நிச்சயம்; வாங்கியவர் தொழில் படுத்தால் அது அவர் பாடு. முப்தி தகி உஸ்மானி போன்ற அறிஞர்களே இதைக் கடிந்து எழுதியிருக்கிறார்கள். இந்தியாவில் 2008இல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைக் கைவிட்டது.

மரபே சொல்லியும் இஸ்லாமிய வங்கிகள் ஏன் பின்வாங்கின? பேராசை என்று சொல்வது சுலபம். நட்டத்தில் பங்கு ஏற்கவேண்டுமென்றால் நட்டம் உண்மையா என்று தெரிய வேண்டும். சின்னத் தொழிலில் ஒரு நோட்டு வருமான வரிக்கு, ஒரு நோட்டு வங்கிக்கு, உள்ளபடி எழுதிய நோட்டு வீட்டில் பீரோவுக்குள். அதைப் பார்க்காதவரிடம் போய் நட்டத்தில் பங்கு கேட்டால் யார் கொடுப்பார்?

இன்னொரு நியாயமும் வங்கிப் பக்கம் இருக்கிறது. கொடுப்பது அதன் பணம் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியையின் எஃப்.டி.யும் அதில் இருக்கிறது. 2020 ஊரடங்கில் ஆறு மாதத் தவணை தள்ளிவைப்பு வந்தபோது, வட்டியையே தள்ளுபடி செய்யக் கேட்டவர்களின் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2021 மார்ச்சில் வந்த தீர்ப்பு வட்டிக்கு வட்டி கூடாது என்றது. முழு வட்டியைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. டெபாசிட்காரர்களுக்கு வங்கி வட்டி கொடுத்தே ஆகவேண்டும் என்பது முக்கியமான காரணம். யாரும் செய்யாத தப்புக்கு வந்த நட்டத்தை யார் சுமப்பது என்பதுதான் அங்கே நடந்த விசாரணை.

நோட்டைப் பார்க்க முடியாத சிக்கலுக்கு ஜெர்மனியில் ஒரு விடை கிடைத்திருந்தது. ஊராட்சித் தலைவராக இருந்த ரைஃபைசன், கிறிஸ்தவ அன்பின் கடமையாக 1864இல் ஹெடஸ்டோர்ஃபில் கடன் சங்கம் அமைத்தார். ஒரே ஊர்க்காரர்கள், ஒருவர் கட்டாவிட்டால் எல்லோரும் வரம்பின்றிப் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்காரனுக்கு எந்த நோட்டு உண்மை என்று தெரியும். கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்த ஃபிரடெரிக் நிக்கல்சன் சென்னை அரசுக்காக இதை ஆராய்ந்து 1895, 1897இல் அறிக்கை கொடுத்தார். 1904 கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அதுவே விதை. இன்று பனியன் கம்பெனிகள் நிற்கும் மண் அன்று அவருடைய கோயம்புத்தூர் மாவட்டம்தான்.

நம் சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒரு கோணல் உண்டு. பெரிய கம்பெனியின் பங்குதாரர் போட்ட பங்கு போனால் அதோடு முடிந்தது. அவர் வீட்டை யாரும் கேட்க முடியாது. திவால் சட்டத்தில் தீர்வு கண்ட கம்பெனிகளில் கடன் கொடுத்தவர்களுக்கு மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் திரும்பியிருக்கிறது. மீதியை 'ஹேர்கட்' என்கிறார்கள். பவர் டேபிள்காரர் தனி உரிமையாளர். தொழில் வேறு, வீடு வேறு என்ற பிரிவே அவருக்குக் கிடையாது. 90 நாள் கட்டாவிட்டால் கணக்கு வாராக்கடன் (என்.பி.ஏ.); பிறகு 2002 சர்ஃபாசி சட்டப்படி வீட்டுச் சுவரில் நோட்டீஸ். 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது துணி வராமல் நின்ற தையல்காரருக்கும் இதே 90 நாள்தான். நொய்யல் ஆற்றைச் சாயக்கழிவால் கெடுத்தது அவரில்லை. அக்குவினாஸ் இந்தக் கணக்கைப் பார்த்தால் எந்தப் பக்கத்தை வட்டிக்காரர் என்று சொல்லியிருப்பார் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை.

நட்டத்தைச் சுமக்க அரசு முன்வராமல் இல்லை. சிறு கடனுக்கு உத்தரவாதம் தரும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. அறக்கட்டளை 2000இல் வந்தது. சிறு நிறுவனங்களுக்கு 10 லட்சம் வரை அடமானம் கேட்காதே என்று ரிசர்வ் வங்கி 2010இல் சொன்னது. ஆனாலும் கிளையில் கையெழுத்துப் போடும் மேலாளருக்கு, கடன் வராமல் போனால் தன்மேல் விசாரணை வரும் என்ற பயம். உத்தரவாதம் வங்கிக்கு இருக்கிறது, அவருக்கு இல்லை. அதனால் "பத்திரம் ஏதாவது இருக்குங்களா?" என்ற கேள்வி ஓயவில்லை.

டி.ஆர்.இ.டி.எஸ். என்ற பில் ஏலத் தளம் கொஞ்சம் வேறு மாதிரி. பெரிய கம்பெனி ஒப்புக்கொண்ட பில்லை வைத்துச் சிறு தொழில்காரர் உடனே பணம் எடுக்கலாம். கம்பெனி கட்டாவிட்டால் வங்கி அவரிடம் திரும்பி வர முடியாது. கொடுத்தவர் நட்டத்தை ஏற்கும் பழைய விதி கம்ப்யூட்டருக்குள் வந்திருக்கிறது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31க்குள் இதில் சேர வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. பவர் டேபிள்காரருக்கு ஜாப் ஒர்க் கொடுப்பவரோ பெரும்பாலும் அந்த அளவைத் தொடாத இன்னொரு சின்னக் கம்பெனிக்காரர். அவர் பில்லைத் தளத்தில் ஏற்றமாட்டார், மூன்று மாதம் கழித்துச் செக் கொடுப்பார். சனிக்கிழமைச் சம்பளத்துக்கு இவர் தண்டல்காரரிடம் போகிறார். தமிழ்நாட்டின் 2003 சட்டம் கந்து வட்டியோடும் மீட்டர் வட்டியோடும் சேர்த்துத் தடை செய்திருக்கும் அதே தண்டல். அவர் பத்திரம் கேட்பதில்லை.