ஒளியை விற்றல் அறமாகுமோ?

வறியவர்க்கு உதவுதல் என்றவுடன் கொடுத்தலையே நாம் எண்ணுகின்றோம். கொடுத்தல் அறம், விற்றல் பிழைப்பு என்னும் பாகுபாடு நம் மனத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. சூரிய ஒளியால் இயங்கும் விளக்குகளை உள்ளூர்ச் சிறு முயற்சியாளர் வாயிலாக நகர்ப்புற ஏழைகளுக்கு விலைக்கு வழங்கும் முறை இப்பாகுபாட்டைக் கேள்விக்குள்ளாக்குகின்றது. சூரியன் எவரிடமும் விலை கேட்பதில்லை. அதன் ஒளியை ஏழைக்கு விற்பது அறமாகுமோ? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஓர் உண்மையை மனங்கொள்ள வேண்டும். மின்னிணைப்பு இல்லாத ஏழைகள் ஒளியை ஏற்கெனவே விலைகொடுத்தே பெறுகின்றனர். அதுவும் மங்கிய ஒளியை, கூடிய விலைக்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990 இல் மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின்னர், பொருளாதாரத் தடையால் அரும்பொருளாகிவிட்ட மண்ணெண்ணெயைத் துளிதுளியாக ஜாம் போத்தல் விளக்கில் எரித்தே ஒரு தலைமுறை படித்தது. மின்சாரம் மீண்ட பின்னரும் 2022 இன் நெருக்கடி அந்நினைவைப் புதுப்பித்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. மின்கட்டணமும் அதே மாதத்தில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் கூடியது. ஆகவே, ஒளியை விற்கலாமா என்பதன்று வினா; எவ்வாறு விற்பது என்பதே வினா.

இதற்கு அயல்நாடு ஒரு சான்று தருகின்றது. ஹரீஷ் ஹண்டேயும் நெவில் வில்லியம்ஸும் 1995 இல் பெங்களூரில் நிறுவிய செல்கோ நிறுவனம், மாலையில் கடை விரிக்கும் தெரு வியாபாரிகளுக்காக ஒரு வழி கண்டது. சிறு முயற்சியாளர் ஒருவர் பகலிற் சூரியத் தகடுகளால் பற்றரிகளை மின்னேற்றுவார். மாலையில் அவற்றை வண்டிதோறும் கொண்டுசென்று, நாள் வாடகை பெறுவார். மாதம் 300 ரூபா செலுத்த இயலாதவரும் நாளுக்கு 10 ரூபா செலுத்துவார் என்பது, 2011 இல் மக்சேசே விருது பெற்ற ஹண்டே எடுத்துக்காட்டும் பாடமாகும். கணக்கேட்டில் இரண்டும் ஒன்றே; அன்றாடங்காய்ச்சியின் வாழ்விலோ இரண்டும் வேறு.

இம்முறையின் சிறப்பு மலிவில் மட்டும் இல்லை. நட்டத்தை யார் சுமக்கின்றார் என்பதிலேயே உள்ளது. வாடகை விளக்கு எரியாத இரவில் வியாபாரி வேறு விளக்கைத் தேடிக்கொள்வார். நட்டம் விளக்குக்காரரைச் சேரும். கடனுக்கு வாங்கிய விளக்கோ பழுதடைந்த பின்னரும் தவணை கேட்கும். நம் நாட்டில் 1997 முதல் உலக வங்கியின் துணையுடன், சர்வோதயத்தின் சீட்ஸ் போன்ற அமைப்புகள் கடன் வழங்க, பல்லாயிரம் கிராம வீடுகள் சூரிய ஒளி பெற்றன. அது பெருஞ் சாதனையே. ஆயின் தேசிய மின்வழி கிராமங்களை எட்ட எட்ட அத்தகடுகளின் தேவை குறைந்தது. அவ்வேளையில் கடன் தீராதிருந்தால் அச்சுமை யாருடையது? போருக்குப் பிந்திய வடக்கில் நுண்கடன் பெற்ற பெண்கள் பலர் கடனை அடைக்கக் கடன்பட்டனர். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட அத்தகைய கடன்களுக்கு 2018 இல் அரசு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. உதவியென வந்த கடன் விலங்காகவும் மாறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவ்வாறாயின் இலவசமாகவே கொடுத்துவிடலாமே என்பர் சிலர். இலவச விளக்கு பழுதானால் அதனைப் பெற்றவர் யாரிடம் முறையிடுவார்? தானம் பெற்றவர்க்கு நன்றி சொல்லும் கடமை உண்டு. குறை சொல்லும் உரிமை இல்லை. விலை கொடுத்தவரோ நிமிர்ந்து நின்று கேட்கலாம். ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் இரவச்சத்திற்கும் ஓர் அதிகாரம் வகுத்தமை இங்குச் சிந்திக்கத்தக்கது. வாணிகர்க்குரிய அறத்தை அவர் நடுவுநிலைமையில் வைத்துப் பேசினார்.

விற்பவர் உள்ளூரவர் என்பதாலேயே நல்லவராகிவிடார்; வட்டிக்காரரும் உள்ளூரவரே. அழைத்தால் வரும் தூரத்தில் இருத்தல், பழுதைத் தீர்த்தல், எரிந்த இரவுக்கு மட்டுமே காசு பெறுதல் ஆகிய மூன்றுமே அவரது வாணிகத்தை அறமாக்கும். பத்து ரூபாவும் இல்லாதவரிடத்தே அவ்வாணிகம் தன் எல்லையை அடைகின்றது. அங்கே அரசின் கடமை தொடங்குகின்றது. சந்தையைக் காட்டி அரசு அக்கடமையிலிருந்து விலகுமாயின் அது அறமன்று.

எனவே ஏழைக்கு ஒளி வழங்கும் எத்திட்டத்தையும் நாம் ஒரு கேள்வியால் அளக்கலாம்: விளக்கு எரியாத இரவின் நட்டம் யாருடையது? அது ஏழையுடையதாயின், கொடுத்தாலும் விற்றாலும் அத்திட்டம் அறத்தின்பாற்பட்டதாகாது.