கடைசியில் நிற்பவர்

நான்கு வழக்குகள், ஒரே நீதிபதி, திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஒன்று. 'க' வழக்கு 'ச'வுக்கு முன்னர் வரவேண்டும். 'ப', 'க'வுக்கு அடுத்த நாளே வரவேண்டும். 'த' திங்களிலோ வியாழனிலோ வரக்கூடாது. சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கும் அக்காவின் மகள், இறக்கக்கண்டியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து இதைச் செய்தாள். கட்டம் கீறி க, ப, த, ச என்று நிரப்பினாள். வேறு ஒழுங்கே கிடையாது.

விடை சரி. ஆனாலும் கேட்டாள்: “மாமா, ச ஏன் கடைசி?”

“நிபந்தனை அப்பிடி, பிள்ளை.”

“ஒரு நிபந்தனையும் அந்த வழக்குக்காரரைக் கடைசியில போடச் சொல்லேல்லையே.”

உண்மைதான். 'க'வுக்குப் பிறகு வந்தால் போதும் என்றுதான் அவருக்கு விதி. செவ்வாயும் பிறகுதான், புதனும் பிறகுதான். அவர் பெயரையே சொல்லாத மற்ற இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து அந்த இரண்டு நாளையும் அடைத்துவிட்டன. அதன் பிறகு அந்த 'ச' என்னை விடவில்லை.

முறையில் பின்னுக்கு நிற்பவர் என்றதும் கரைவலைதான் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் எங்கள் ஊர்க் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வாடைக்காற்று ஓய்ந்து கடல் அமைதியாகும் காலம். ஒரே பாட்டில், அதாவது வலை வளைக்கும் ஒரே கரைத்துண்டில், பல வலைகள் முறை வைத்து வளைக்கும். விடியப்புறம் வளைப்பவருக்குக் கீரி மீன் கிடைக்கும். வெயில் ஏறிய பின் வளைப்பவருக்கு, மீன் சேரும் மடி இலேசாகத்தான் வரும். முதல் வலையின் மடி கரையேறும்போது அடுத்த வலைக்காரர் கிட்டப் போய், ஈர மடியைக் கையால் அமத்திப் பார்ப்பார். ஒன்றும் பேசமாட்டார். இன்று முன்னுக்கு வளைத்தவர் நாளைக்குப் பின்னுக்குப் போவார் என்பது அவருக்குத் தெரியும்.

பொது வளங்களை ஆராய்ந்த எலினோர் ஒஸ்ட்ரம் 1990இல் எழுதிய நூலில் துருக்கியின் அலன்யா மீனவர்களைப் பற்றி வாசித்ததும் இதனோடு சேர்ந்து நினைவில் நிற்கிறது. அந்நாளில் அங்கே ஒவ்வொரு செப்டெம்பரிலும் மீன்பிடி இடங்களுக்குச் சீட்டுக் குலுக்குவார்கள். ஜனவரி வரை நாளுக்கு ஓர் இடமாகக் கிழக்கே நகர்வார்கள். பிறகு மே வரை மேற்கே. மீன் கூட்டம் நகரும் திசையால் ஒருவருக்கும் நிரந்தர நட்டம் வரக்கூடாது என்ற ஏற்பாடு அது. கடைசியில் யார் நிற்கப்போகிறார் என்பதை முதலிலேயே யோசித்தவர்கள் போட்ட விதி.

அப்படி யோசிக்காத விதிகளும் உண்டு. அமெரிக்காவில் சட்டம் படிக்க எழுதும் எல்சாட் பரீட்சையில் இத்தகைய அட்டவணைப் புதிர்களுக்குத் தனிப் பகுதியே இருந்தது. பார்வையற்றோர் எழுதக்கூடாது என்று எங்கும் சொல்லப்படவில்லை. ஆனால் அவற்றைச் செய்ய ஏறக்குறைய எல்லோரும் படம் கீறினார்கள். மிச்சிகனைச் சேர்ந்த பார்வையற்ற ஒருவர் 2011இல் வழக்குப் போட்டார். பின்னர் தொடுத்த இன்னொரு வழக்கில் 2019இல் இணக்கம் ஏற்பட்டது. 2024 ஓகஸ்டிலிருந்து அந்தப் பகுதி நீங்கியது. நம் இலங்கையில் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதிகள் 2020 டிசெம்பரில் வர்த்தமானியில் வந்தன. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அவற்றைத் தோற்கடித்தது. இறக்கக்கண்டிப் பிள்ளை வரக்கூடாது என்று அவற்றில் ஒரு வரியும் இருக்கவில்லை. அவை நிலைத்திருந்தால், தமிழில் படித்த எத்தனை பிள்ளைகள் வரிசையின் கடைசிக்குப் போயிருப்பார்கள்!

ஆனால் கடைசியில் நிற்பவரை யோசிக்கவேண்டும் என்ற இந்த நியாயத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பது எனக்குத் தெளிவாகவில்லை. நான்கு நாளில் நான்கு வழக்கென்றால் யாரோ ஒருவர் வியாழனில் நிற்கத்தான் வேண்டும். கரைவலைக்கு நாளை என்று ஒன்று உண்டு. முறை மாற்றிக் கொடுக்கலாம். பலருக்கு வழக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் வருகிறது. அவர்களுக்கு எந்த நாளில் முறை மாற்றிக் கொடுப்பது? தனித்தனியே குற்றமில்லாத விதிகள் ஒன்றுசேர்ந்து ஒருவரைப் பின்னுக்குத் தள்ளினால், அதற்கு யார் பொறுப்பு? இதற்கு என்னிடம் விடை இல்லை.

சட்டம் படிக்கப்போகும் பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பரீட்சை மண்டபத்தில் நிபந்தனைகளை அப்படியே ஏற்றுக் கணக்கைச் செய்யுங்கள். அங்கே நேரம் குறைவு. சட்டத்தரணியாகி வெளியே வந்த பிறகு, எந்த ஒழுங்கு கையில் கிடைத்தாலும், அதில் கடைசியில் நிற்பவர் யார் என்று முதலில் பாருங்கள்.