ஒரு டிகிரி பிழையின் பாவம் யாருக்கு?

காரின் முன்கண்ணாடியில் கல் பட்டு விரிசல் விழுகிறது. பட்டறையில் புதுக் கண்ணாடி ஒட்டித் தருகிறார்கள். தண்ணீர் ஒழுகவில்லை, ஓரத்தில் பசை வழியவில்லை, வேலை கச்சிதம். ஆனால் பழைய கண்ணாடியின் உட்புறம் இருந்த கேமராவையும் கழற்றித்தான் மறுபடி மாட்டியிருக்கிறார்கள். அது ஒரே ஒரு டிகிரி பக்கவாட்டில் திரும்பியிருந்தால், 100 மீட்டர் தொலைவில் உள்ள பொருள் சுமார் 1.75 மீட்டர் தள்ளித் தெரியும். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலமே 3.5 மீட்டர்தான். எதிரே நிற்கும் லாரியைப் பக்கத்து லேனில் நிற்பதாகக் கார் கணக்கிடலாம். தானாகப் பிடிக்க வேண்டிய பிரேக், பிடிக்காமலே போகலாம்.

இதைச் சரிபார்க்கும் வேலைக்குத்தான் காலிபரேஷன் என்று பெயர். தரை சமமாக இருக்க வேண்டும். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். காரின் நடுக்கோட்டிலிருந்து அளந்து குறிப்பலகையை நிறுத்த வேண்டும். சில கார்களை, கோடுகள் தெளிவாகத் தெரியும் சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டியும் பார்க்க வேண்டும். நேரமும் இடமும் பணமும் கேட்கும் வேலை. செய்யாமல் விட்டாலும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும் என்று உறுதியில்லை. பெரும்பாலும் எதுவுமே நடக்காமல் வருடங்கள் ஓடிவிடும்.

எதுவும் நடக்காவிட்டால் அந்த மெக்கானிக் குற்றமற்றவரா?

1976-ல் பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவ அறிஞர்கள் இதே முடிச்சை எடுத்தார்கள். நேகல் ஒரு லாரி ஓட்டுநரைக் கற்பனை செய்தார். பிரேக்கைச் சோதிக்காமல் வண்டியை எடுக்கிறார். குழந்தை ஒன்று குறுக்கே ஓடிவந்தால் அவர் வாழ்நாள் முழுவதும் குற்றவாளி. ஓடி வராவிட்டால் சின்ன அலட்சியக்காரர், அவ்வளவே. இரண்டிலும் அவர் செய்தது ஒன்றுதான். தீர்ப்பை மாற்றியது தற்செயல். இதை அறம் சார்ந்த அதிர்ஷ்டம் என்றார்கள்.

இந்தியச் சமயங்கள் இந்த வழக்கை அதற்கு வெகு காலம் முன்பே விசாரித்துவிட்டன. மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில், நாளந்தாவைச் சேர்ந்த உபாலி என்ற சமண இல்லறத்தார் புத்தரோடு வாதிடுகிறார். உடலால் செய்யும் வினையே கனமானது என்பது அவர் கட்சி. மனத்தின் வினையே கனமானது என்கிறார் புத்தர். பௌத்தர் சொன்ன கதையில் பௌத்தமே வெல்கிறது. சமணரின் சொந்த நூல்களோ இதைவிட நுட்பமானவை. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், ஹிம்சையின் இலக்கணத்துக்குள்ளேயே கவனக்குறைவைச் சேர்க்கிறது. வந்தவாசி அருகே பொன்னூர் மலையில் தவம் செய்ததாகத் தமிழ்ச் சமணர்கள் போற்றும் குந்தகுந்தர் இன்னும் ஒரு படி போகிறார்: உயிர் போனாலும் போகாவிட்டாலும், கவனமின்றி நடப்பவரை ஹிம்சை சேர்கிறது, கவனத்தோடு நடப்பவர் காலடியில் தவறி ஓர் உயிர் மடிந்தாலும், அதனால் மட்டும் அவர் கட்டுப்படுவதில்லை. சமணத் துறவி நடக்கும்போது முன்னால் உள்ள தரையைப் பார்த்தே அடி வைக்க வேண்டும் என்ற ஈர்யா சமிதி நெறியின் அடிப்படை இதுதான். நேகலைத் திணற வைத்த தற்செயலுக்கு இங்கே இடமே இல்லை. எண்ணத்தை முன்னிறுத்திய புத்தரும் விழிப்போடு இருக்கும்படிதான் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆகவே ‘கெட்ட எண்ணம் எனக்கில்லை’ என்ற வாதம் அவரிடமும் எடுபடாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானோட்டிக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் மீது மோதியது. அவர் இறந்தார். மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. வாகனம், வேறேதோ பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டே வந்தது. வீண் எச்சரிக்கைக்கெல்லாம் கார் நின்றுவிடக் கூடாது என்பதற்காக, ஆபத்தைக் கண்டபின்னும் ஒரு விநாடி பொறுக்கும்படி அமைத்திருந்தார்கள். அந்த வோல்வோ காரிலேயே இருந்த அவசர பிரேக், சோதனை ஓட்டத்தின்போது அணைக்கப்பட்டிருந்தது. முன்பு கண்காணிப்பு ஓட்டுநர்கள் இருவர் உட்கார்ந்த காரில் அன்று ஒருவரே இருந்தார். அவர் பார்வையும் கைபேசியில் இருந்தது.

நிறுவனத்தின் மீது குற்ற வழக்குத் தொடர முகாந்திரமில்லை என்று அரசு வழக்கறிஞர் தரப்பு 2019-ல் சொல்லிவிட்டது. தண்டனை அந்த ஓட்டுநருக்கு மட்டுமே: 2023-ல், மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு.

சட்டம் கடைசிக் கண்ணியைப் பிடிக்கிறது. குந்தகுந்தரின் கண்ணோ அந்த ஒரு விநாடியை எழுதியவர் மீதும், பிரேக்கை அணைத்தவர் மீதும், இரண்டாவது ஆளை இறக்கியவர் மீதும் விழும். காரணமில்லாமல் கார் திடீரென நின்றாலும் பின்னால் வருபவருக்கு ஆபத்துதான். எனவே பொறுத்திருக்கச் சொன்னதையே குற்றம் என்றுவிட முடியாது. ஆனால் அந்த ஒரு விநாடியில் சாலையைப் பார்க்க யார் இருக்கிறார் என்று கேட்காமல் விட்டது குற்றம். பலர் பகிர்ந்துகொண்டதால் அது யாருக்கும் குறைந்துவிடவில்லை.

2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் தானியங்கி அவசர பிரேக் கட்டாயம். இந்தியாவிலும் மஹிந்திரா எக்ஸ்யூவி700 போன்ற கார்கள் 2021 முதலே இதோடு ஓடுகின்றன. உங்கள் காரிலும் இந்த வசதி இருந்தால், முன்கண்ணாடி மாற்றிய பிறகும் பம்பரைக் கழற்றி மாட்டிய பிறகும் காலிபரேஷன் செய்ததற்கான அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பட்டறையில் கருவி இல்லையென்றால், இருக்கும் இடத்துக்குக் காரைக் கொண்டுபோங்கள். எதிரே சாலையைக் கடப்பவர் இதை உங்களிடம் கேட்க முடியாது. அவருக்காக நீங்கள்தான் கேட்க வேண்டும்.