கண் திறப்பது யார்?

ஸ்தபதி செதுக்கி முடித்ததுமே சிலை சாமி ஆகிவிடுவதில்லை. கடைசியாகக் கண் திறக்க வேண்டும். நல்ல நேரம் பார்த்து, பொன்னுளியால் விழியைக் கீறுவார்கள். அப்புறம் கும்பாபிஷேகம், மந்திரம் எல்லாம். அதுவரை கல் கல்தான். இந்த ஏற்பாட்டில் மனிதக் கைக்கு ஓர் இடம் இருக்கிறது. கேமரா எடுத்த படத்துக்கு எந்தக் கை, எந்த உளி?

பெரிய கோயில்களில் மூலவரைப் படம் எடுக்க விடமாட்டார்கள். ஆனால் வெளியே வந்தால் சன்னிதித் தெருக் கடையில் அதே மூலவர் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குவார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சந்தனப் பொட்டு வைத்து விளக்கேற்றுகிறவர்கள், இதற்குக் கண் திறந்தாயிற்றா என்று கேட்பதில்லை.

இந்தக் கேள்வி நேருக்கு நேர் வந்து நின்ற இடம் கல்கத்தா. 1881 டிசம்பரில் ராமகிருஷ்ண பரமஹம்சரை ராதாபஜாரில் இருந்த ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார்கள். படம் பிடிக்கும் விதத்தை விளக்கிக் காட்டினார்கள். வெறும் கண்ணாடியில் உருவம் நிற்காது, மருந்து பூசிய கண்ணாடியில்தான் நிற்கும். அவர் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். பக்தி பூசாத மனத்தில் நல்ல வார்த்தை ஒட்டாது என்று அன்றைக்கே உபமானமாக்கிவிட்டார். ரசாயனம் அவரை மிரட்டவில்லை.

இன்று வீடுகளிலும் மடங்களிலும் பூஜையில் இருப்பது வேறொரு படம். தக்ஷிணேஸ்வரம் கோயில் வளாகத்தில் அவர் சமாதியில் உட்கார்ந்திருந்தபோது அபினாஷ் சந்திர தா என்ற இளைஞர் எடுத்தது. கண்ணாடி நெகட்டிவ் கை தவறி விழுந்து விரிசல் விட்டதாகவும், மேல்பகுதியை வளைவாக வெட்டி மீதியைக் காப்பாற்றியதாகவும் சொல்வார்கள். தலைக்குப் பின்னே திருவாசிபோலத் தெரியும் அந்த வளைவு அப்படி வந்ததுதான். தம் படத்துக்கு ராமகிருஷ்ணரே பூப்போட்டதாகவும் அவர் வரலாற்றில் உண்டு. அந்தப் படத்துக்கு உளியும் இல்லை, முகூர்த்தமும் இல்லை. இருந்தது ஒரு விரிசல், அதைத் தூக்கிப் போடாமல் வெட்டத் துணிந்த ஒரு கை. கண் திறப்பு என்று ஏதாவது நடந்திருந்தால் அது அந்த வெட்டில்தான் நடந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

அச்சு வந்தபோதும் இதே குழப்பம் வந்தது. 1894இல் ராஜா ரவிவர்மா பம்பாயில் அச்சகம் வைத்து, லட்சுமியையும் சரஸ்வதியையும் வண்ணத்துக்கு ஒரு கல்லாகப் பிரித்து அடித்துத் தள்ளினார். ஓவியம் மலிந்துவிட்டதே என்று கலை விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். கோயிலுக்குள் காலெடுத்து வைக்கவே அனுமதியில்லாதிருந்தவர்களின் வீடுகளில் அந்தப் படங்கள் சுவரேறின.

கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு இன்னும் சுவாரசியமானவர். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினார். கம்பெனி கோவில்பட்டியில் கலைந்ததும் அங்கேயே தங்கி, தேவி ஆர்ட் ஸ்டூடியோவில் படம் எடுப்பதும் வரைவதுமாக இருந்தார். அவரும் சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசிக் காலண்டர்களாகி மளிகைக்கடைச் சுவர்வரை போனார்கள். திரைச்சீலை, கேமரா, ஆப்செட் என்று கருவி மாறிக்கொண்டே இருந்தது. எந்தக் கடவுளுக்கு எத்தனை கை, எந்தக் கையில் எந்த ஆயுதம் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. தியான சுலோகம் சொன்னபடிதான் அது.

இப்போது செல்பேசியில் செயற்கை நுண்ணறிவிடம் இரண்டு வரி தட்டினால் முருகன் வந்துவிடுகிறார். தவம் இல்லை, உழைப்பு இல்லை என்பது புகார். இதையேதான் அன்று கேமராவையும் அச்சையும் பார்த்துச் சொன்னார்கள். அந்தப் புகாரில் பெரிய வலு இல்லை. உண்மையான வித்தியாசம் வேறு. அபினாஷின் கண்ணாடிக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கொண்டையராஜுவின் தூரிகைக்குப் பின்னால் ஒரு சுலோகம் இருந்தது. செயற்கை நுண்ணறிவுக்கு முன்னால் யாரும் உட்கார வேண்டியதில்லை. அது கேட்காமலே முருகன் கையில் வேல் கொடுக்கும், சமயத்தில் அந்தக் கைக்கு ஆறாவது விரலையும் கொடுக்கும்.

அதை எண்ணிப் பார்த்து அழிப்பதும், இன்னொன்று கேட்பதும், மயிலை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று முடிவு செய்வதும் இன்னும் மனிதர் வேலையாகத்தான் மிஞ்சியிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் வாட்ஸ்அப்பில் வந்து குவிகிற சாமி படங்களைப் பார்த்தால், அந்த வேலைக்கு இன்னும் சரியான ஆள் அமையவில்லை என்றே தெரிகிறது.