அனுசரித்துப் போவது

'அனுசரித்துப் போ' என்பதை நம் வீடுகளில் ஒரு தர்மமாகவே சொல்லிவருகிறார்கள். அதிகமும் பெண்களிடம். இந்த தர்மத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு யந்திர விவகாரத்தால். இணையத்தில் படம் பார்க்கையில் திடீரென்று முகங்கள் களிமண்ணாகிப் பின் தெளிகின்றன. பழுது என்று நினைத்திருந்தேன். ஒரு தீர்மானம் என்று பிறகு தெரிந்தது. படத்தைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் பல தரங்களில் செய்துவைத்திருக்கிறார்கள். முந்தைய துண்டு வந்த வேகத்தைப் பார்த்து, அடுத்ததை எந்தத் தரத்தில் கேட்பது என்று நம் கையிலுள்ள கருவி முடிவு செய்கிறது. மங்கினாலும் சரி, நிற்கக்கூடாது. இதில் விவேகம் இருக்கிறது என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன்.

2012ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டிய ஒரு விஷயம் இதைக் குலைத்தது. ஒரே இணைப்பில் படமும் ஓடுகிறது, பெரிய கோப்பு ஒன்றும் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆளுக்குப் பாதி என்பது நியாயம். ஆனால் படக்கருவி, கையிருப்பு நிறைந்ததும் சற்று ஓய்கிறது. கோப்பு ஓய்வதில்லை, காலியான இடத்தை அடைத்துக்கொள்கிறது. மறுபடி கேட்கும்போது, வேகம் பிடிக்குமுன் துண்டு தீர்ந்துவிடுகிறது. அளவு குறைவாகத் தெரிகிறது. கருவி இறங்கிக் கேட்கிறது. இறங்கிய தரத்தில் துண்டு இன்னும் சிறியது. அளவு இன்னும் குறைவு. கடைசியில் தன் பங்குக்கு வெகு கீழே போய் அமர்ந்துவிடுகிறது. யாரும் அதை வஞ்சிக்கவில்லை. பெற்றதை வைத்து உலகத்தை அளந்தது, அவ்வளவே. அந்த அளவில் தன் கூச்சமும் கலந்திருப்பது அதற்குத் தெரியாது.

என் அம்மா எல்லோரும் சாப்பிட்டபின் உட்கார்ந்து, 'எனக்கு இது போதும்' என்பாள். நாங்களும் போதும் என்றே நம்பினோம். அவளும் நம்பினாள் என்பதுதான் உறுத்துகிறது. அவளுக்குப் போதுமா என்று சொல்ல அவளைவிட்டால் வேறு அளவுகோல் இல்லை. அந்த அளவுகோலைக் குறுக்கியவர்களில் நானும் ஒருவன். (400 பிரதி அச்சிட்டு, தமிழில் வாசகர் 400 பேர்தான் என்று தீர்த்துவிடுகிற நாமும் இந்த ஜாதிதான்.)

அதற்காக, அதிகம் கேட்பதே அறம் என்று சொல்லிவிட முடியுமா? 2020 மார்ச்சில், பெருந்தொற்றில் ஐரோப்பா வீட்டுக்குள் அடைபட்டபோது, ஐரோப்பிய ஆணையம் கேட்டுக்கொண்டதன்பேரில் நெட்ஃபிளிக்ஸ் அங்கே தரத்தைக் குறைத்தது. காரணம் சொல்லி, 30 நாள் என்று கெடுவும் சொல்லிச் செய்த குறைப்பு அது. அம்மாவின் 'போது'முக்குக் கெடு கிடையாது.

2014ல் அதே பல்கலைக்கழகத்தினர் நெட்ஃபிளிக்ஸுடன் சேர்ந்து வேறு வழி பார்த்தார்கள். வந்த வேகத்தை வைத்து ஊகிக்காமல், கையிருப்பு எத்தனை விநாடி என்று பார்த்துக் கேட்பது. இருப்பு ஏறினால் ஏறிக் கேட்கலாம், கரைந்தால் இறங்கலாம். படம் நின்றுபோவது 10 முதல் 20 சதவீதம் குறைந்தது. ஆனால் கையில் ஒன்றுமில்லாத ஆரம்ப விநாடிகளில் அதுவும் ஊகத்துக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு அந்த ஆரம்பம் 16 வயதில், புகுந்த வீட்டு அடுக்களையில்.