கூடம் கோணலா, கால் கோணலா?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வழங்கும் பழமொழி. வேலையில் தவறியவன் தன் குறையை மறைக்கக் கருவியின்மீது பழி போடுவது உலக வழக்கமாதலால், அத்தகையோனைத் தலைகுனியச் செய்வதற்கு இதைப் போன்ற கூரிய ஆயுதம் வேறில்லை. நானும் இதை அனேக தடவைகள் பிறர்மீது வீசியிருக்கிறேன். ஆனால் இப்பழமொழியைச் சொன்னவர்களிலோ, கேட்டுச் சிரித்தவர்களிலோ எவரேனும் ஒருவர் நூல் பிடித்து அந்தக் கூடத்தை அளந்து பார்த்தாரா என்னும் கேள்வி நெடுங்காலம் என் மனத்தில் எழுந்ததில்லை. அக்கேள்வியை எனக்குக் கற்பித்தது ஒரு மின்சார கித்தார். அது எவ்வாறு கற்பித்தது என்பதையும், அதனால் நான் அடைந்த வெட்கத்தையும் வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பேர் பதிவதும், பகலில் குலைக் கணக்கும் சம்பளக் கணக்கும் எழுதுவதும் என் தொழில். ஆங்கிலப் பள்ளியில் படித்த நாளில், பதினான்காம் வயதில், கித்தார் ஆசை என்னைப் பற்றியது. முதற் சம்பளத்தில் மலிவான மின்சார கித்தார் ஒன்றை வாங்கினேன். பொங்கல் விழா, கல்யாண வரவேற்பு, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று அதைத் தூக்கிச் செல்லாத இடம் இல்லை. "கிராணி நன்றாக வாசிக்கிறார்" என்று நாலுபேர் சொன்னார்கள். ஐந்தாவது ஆளாக நானும் அதை நம்பினேன்.

இவ்வாத்தியத்தின் அமைப்பை அறியாதவர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். பழைய கித்தாரில் ஒலியைப் பெருக்குவது அதன் குடம் போன்ற மர உடல். மின்சார கித்தாரிலோ இரும்புத் தந்திகளின் கீழே காந்தமும், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகவும் வைக்கப்பட்டிருக்கும். தந்தி அதிர்ந்தால் அக்கம்பியில் சிறு மின்னோட்டம் பிறக்கும். ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்கித் தரும். அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்னும் கித்தார்க்காரர் 1930-களின் தொடக்கத்தில் இம்முறையில் கருவி அமைத்து, 1937-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். நம் பக்கத்துக்கும் இது புதிதன்று. 1961-ஆம் ஆண்டில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் வாசித்துச் சென்றபின், சிங்கப்பூரிலும் மலாயாவிலும் 'குகிரான்' என்னும் கித்தார்க் குழுக்கள் ஊருக்கு ஊர் கிளம்பின. இவ்வாத்தியத்தின் குணங்களில் ஒன்றை மட்டும் வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். ஒலிபெருக்கிக்குப் பாரபட்சம் தெரியாது. நல்ல ஒலியைப் பெரிதாக்குவது போலவே, தவறான ஒலியையும் அது பெரிதாக்கும்.

நிற்க. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்தில் குலை வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன், பன்னிரண்டு வயதுப் பையன், ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு வாசலில் வந்து நிற்பான். உள்ளே அழைத்துக் கித்தாரை அவன் மடியில் வைத்தேன். விரல் வைக்கும் இடங்களை விரைவில் பிடித்துக்கொண்டான். ஆயினும் சிறிது நேரம் மீட்டியதும் நிறுத்திவிட்டு, "ஐயா, சேரலீங்களே" என்பான். நான் வாங்கிச் சுருதி கூட்டி, எனக்குப் பழக்கமான பாட்டு ஒன்றை வாசித்துக் காட்டி, "இப்போது?" என்பேன். அவன் மறுபடி வாசிப்பான். மறுபடியும் "சேரலீங்களே" என்பான். ஒரு நாள் நான் பொறுமை இழந்தேன். "என் கையில் சேருகிற வாத்தியம் உன் கையில் மட்டும் சேராதா? வாத்தியத்தில் குறையில்லை, உன் காதில்தான் குறை" என்று சொல்லி, மேலே கண்ட பழமொழியையும் சேர்த்துச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பையனும் சிரித்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. ஊக்கமில்லாத பிள்ளை என்று நான் தீர்ப்பு எழுதி, அந்தக் கணக்கை மூடிவிட்டேன்.

மூன்று ஆண்டுகள் சென்றன. ஓராண்டுக்கு மேல் சேர்த்த பணத்தைக் கொண்டு, நல்ல கைவேலைப்பாடு உள்ள கித்தார் ஒன்றை வாங்கினேன். இனி என் வாசிப்பு தேனாய் ஒழுகும் என்று எண்ணிய எனக்கு முதல் இரவே ஏமாற்றம். பழைய வாத்தியத்தில் வாசித்த பாட்டுக்களே இதில் அலங்கோலமாகக் கேட்டன! தந்திகள் கழுத்துக்கு அணுக்கமாக இருந்தன, தொட்டாலே ஒலித்தன. நானோ இருபது ஆண்டுப் பழக்கத்தால் அவற்றை இரும்புப் பிடியாய் அழுத்தினேன். அழுத்தம் மிகவே தந்தி இழுபட்டுச் சுருதி ஏறிற்று. ஒரு விரல் எடுக்குமுன் மறுவிரல் இடறுவதும், எடுத்த தந்தி அடங்காமல் முனகுவதும் தெளிவாகக் கேட்டன. பழைய வாத்தியத்தின் கரகரப்பில் ஒளிந்து கிடந்த என் பிழைகள் யாவும் வெளியே வந்து வரிசையாய் நின்றன. பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டதுபோல் ஒவ்வொன்றும் "இருக்கிறேன்" என்றது. நல்ல கருவி முகத்துதி செய்வதில்லை என்பதை அன்று அறிந்தேன். பழி போட இனி வேறு இடமில்லை. குற்றவாளி என் கைதான்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் பழமொழிக்கே வெற்றி என்று எழுதிவிட்டு ஓய்ந்திருப்பேன். சில மாதப் பயிற்சியில் கை சற்று இளகிய பின், ஒரு நாள் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆவலால் பழைய கித்தாரை எடுத்து மீட்டினேன். உடம்பு கூசிற்று. சேரவில்லை! பையன் சொன்ன அதே சொல் என் வாயிலிருந்து வந்தது.

கித்தாரின் கழுத்தில் வீணையைப்போல் மெட்டுக்கள் பதித்திருக்கும். அவை கணக்குப்படி நிற்பவை. ஒவ்வொரு மெட்டும், எஞ்சிய தந்தி நீளத்தில் 17.817-இல் ஒரு பங்கு தள்ளி நிற்கவேண்டும். அப்படி நின்றால் தந்தியின் நீளம் 25½ அங்குலமாயின் பன்னிரண்டாம் மெட்டு 12¾ அங்குலத்தில், சரிபாதியில் விழும். அங்கே தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டினாலும், அழுத்தி மீட்டினாலும் ஒரே ஸ்வரம் எழவேண்டும். அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி சற்று ஏறுமாதலால், அதை ஈடுசெய்யத் தந்தி தங்கும் குதிரையை நூலளவு பின்னுக்குத் தள்ளி வைப்பார்கள். நான் சுருதி பார்க்கும் கருவியை வைத்துச் சோதித்தேன். ஆறு தந்திகளில் நான்கில் அழுத்திய ஒலி ஏறியே நின்றது. கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் படியும் பட்டையின் வெட்டுக்களும் ஆழம் போதாமல் உயர்ந்திருந்தன. ஆகவே முதல் இரண்டு மெட்டுக்களிலும் சுருதி பிசகியது. தொடக்கக்காரன் முதலில் விரல் வைக்கும் இடமும் அதுவே.

அப்படியாயின் இருபது ஆண்டுகள் நான் எப்படி வாசித்தேன்? யோசித்தபோது விடை கிடைத்தது. எனக்குப் பழகிய இரண்டு மூன்று பாட்டுக்கள் ஒப்பேறும் வண்ணம் தந்திகளைச் சிறிது தளர்த்தி வைக்கக் கை தானே கற்றுக்கொண்டிருந்தது. சேராத இடங்களுக்குப் போகாமலே காலம் கழித்திருக்கிறேன். போகநேர்ந்த இடங்களிலோ, கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. கோணலையே நேர் என்று கொண்டுவிட்டேன். பையனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகையால் அவனுக்குக் கேட்டது. தேர்ந்தவன் என்று பேர் வாங்கிய என் காது பொய். காதே இல்லையென்று நான் தள்ளிய பையனின் காது மெய்.

இன்னும் வருத்தமான செய்தி ஒன்று உண்டு. திருப்புளியால் குதிரைத் துண்டுகளை நகர்த்தி, சிறு அரத்தால் அந்த வெட்டுக்களை ஆழமாக்கியதும் குறை ஏறக்குறைய நீங்கிவிட்டது. அந்த வேலைக்கு ஆன நேரம் அரைமணிக்குச் சற்று அதிகம். ஒரு பிள்ளையின் ஆசையைக் காப்பாற்ற அரைமணி நேரம் போதுமாயிருந்தது. நான் அதைச் செலவிடாமல், அரை நொடியில் சொல்லக்கூடிய ஒரு பழமொழியைச் செலவிட்டேன்.

இவ்விடத்தில் லியோ ஃபெண்டர் என்னும் அமெரிக்கரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1909-இல் பிறந்த அவர் கணக்கெழுதும் கல்வி பயின்று, எம்போன்ற கிராணிகளைப்போலக் கணக்கு வேலை பார்த்தவர்; 1938-இல் கலிஃபோர்னியாவிலுள்ள புல்லர்ட்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்தார். 1950-ஆம் ஆண்டில், உட்குடைவில்லாத மரப்பலகையால் ஆன மின்சார கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1991-இல் அவர் இறக்கும்வரையில் கித்தார் வாசிக்கக் கற்றவரல்லர்! வாசிக்கத் தெரியாதவர் உலகமே வாசிக்கும் வாத்தியத்தை எப்படிச் செய்தார்? வாசிப்பவர்களின் குறையைக் காது கொடுத்துக் கேட்டார். தாம் செய்ததை வாத்தியக்காரர்களிடம் கொடுத்து, அவர்கள் முறையிட்டதையெல்லாம் திருத்தினார். அவருடைய முதல் கித்தாரில் ஆறு தந்திகளுக்கு மூன்றே குதிரைத் துண்டுகள். இரண்டிரண்டு தந்திகள் ஒரு துண்டைப் பங்கிட்டதால் சுருதி முற்றும் சேராது. பலகையின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்ற முறையீடும் இருந்தது. 1954-இல் அவர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் கித்தாரில் ஆறு தந்திகளுக்கும் ஆறு தனித் துண்டுகள். விளிம்புகளும் உடம்புக்கு இசைய வளைத்துச் செதுக்கப்பட்டன. "சேரவில்லை" என்ற சொல் அவர் காதிலும் விழுந்தது. என் காதிலும் விழுந்தது. வாசிக்கத் தெரியாத அவர் அதைக் கேட்டு வாத்தியத்தைத் திருத்தினார். வாசிக்கத் தெரிந்த நான் அதைக் கேட்டு ஒரு பிள்ளையைத் துரத்தினேன்.

இங்கே சிலர் ஆட்சேபிக்கலாம். "ஓட்டை வாத்தியத்திலும் மேதைகள் அற்புதமாக வாசித்ததில்லையா? மனமுண்டானால் கருவி ஒரு தடையா?" என்பார்கள். மேதைகள் வாசித்தது உண்மையே. ஆனால் அவர்களை நாம் அறிவது அவர்கள் கரையேறியதால். அதே ஓட்டை வாத்தியத்தோடு மூழ்கியவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் பேரேட்டில் எழுதி வைத்தோம்? கரையேறிய ஒருவனைக் காட்டி மூழ்கியவர்களைச் சோம்பேறிகள் என்பது நியாயமாகாது.

வேறு சிலர், "இப்படிப் பேசினால் ஒவ்வொரு சோம்பேறியும் கூடம் கோணல் என்று சொல்லித் தப்புவானே" என்பார்கள். தப்ப முடியாது, ஏனெனில் கூடத்தை அளக்கலாம். பன்னிரண்டாம் மெட்டில் விரல் வைத்துப் பார்த்தால் வாத்தியத்தின் உண்மை தெரிந்துவிடும். அளந்தபின் கூடம் நேராயிருந்தால், ஆடுபவளுக்கு ஒரு சாக்கும் இல்லை. என் புதிய கித்தார் என்னிடம் வைத்த வழக்கு அதுவே. கோணலாயிருந்தால், அவளைச் சிரித்தவர்களுக்கு ஒரு சாக்கும் இல்லை. என் பழைய கித்தார் என்மேல் தொடுத்த வழக்கு இது. இரண்டு வழக்குகளிலும் நானே தோற்றேன். அளக்காமல் தீர்ப்புச் சொல்வதுதான் குற்றம்.

இதிலிருந்து எனக்கென்று ஒரு விதி வகுத்துக்கொண்டேன். என் வேலையில் குறை கண்டால், முதலில் என் கையைச் சந்தேகிக்க வேண்டும். பிறன் வேலையில் குறை கண்டால், முதலில் அவன் கையில் கொடுக்கப்பட்ட கருவியைச் சோதிக்க வேண்டும். உலகத்தில் நடப்பதோ தலைகீழ். நாம் தவறினால் கருவியின்மேல் பழி. பிறன் தவறினால் அவன் பிறவியின்மேல் பழி. குலைக் கணக்கில் ஒருவருக்குத் தொகை குறைந்திருந்தால் சிவப்பு மையில் கோடிடுவது என் வழக்கம். அவர் கையிலிருந்த அரிவாள் எத்தகையது, அவருக்குக் கிடைத்த நிரையில் மரங்கள் எவ்வளவு உயரம் என்று நான் கேட்டதில்லை. இப்போது கோடிடுமுன் கேட்கிறேன். பலமுறை கோடு தேவைப்படவில்லை.

நேர் செய்த பழைய கித்தாரை எடுத்துக்கொண்டு அந்தப் பையனைத் தேடிப் போனேன். குடும்பம் பட்டணத்துக்குப் பெயர்ந்திருந்தது. அவன் பள்ளியிறுதி வகுப்பில் இருந்தான். நடந்ததைச் சொல்லி, "தவறு என்னுடையது" என்றேன். அவன் தயங்கி வாங்கி, முதல் மெட்டில் விரல் வைத்து ஒருமுறை மீட்டினான். ஒலி அடங்கும்வரை பேசாமல் இருந்தான். பின்பு, "இப்ப சேருதுங்க, ஐயா" என்றான். சிறிது பொறுத்து, "அப்பவே சேரலைன்னு தெரிஞ்சது. நீங்க சொன்னதால என் காதுதான் தப்புன்னு இருந்துட்டேன். அதுக்கப்புறம் எங்கேயும் பாடறதில்லை" என்றான்.

கித்தாரை அவனிடமே விட்டு வந்தேன். அவன் மறுபடி வாசிப்பானா, நான் அறியேன். திருப்புளியால் குதிரையை நகர்த்திவிடலாம். தன் காதையே நம்பாமற்போன பிள்ளைக்கு அந்த நம்பிக்கையைத் திருப்பித் தர எந்தக் கருவியும் என்னிடம் இல்லை. வாசகர்களே! உங்கள் பிள்ளையோ, மாணாக்கனோ, உங்களுக்குக் கீழ் வேலை செய்பவரோ "சேரவில்லை" என்று சொன்னால், பழமொழி சொல்வதற்குமுன் ஒரு முறை கூடத்தை அளந்து பாருங்கள்.